பெயர் தெரியும்வரை காத்திருக்க வேண்டாம்: வளர்ச்சித் தாமதமுள்ள சின்னக் குழந்தைக்கு உதவியைத் தொடங்குவது எப்படி

குழந்தை பின்தங்குகிறதோ என்ற சந்தேகம் வந்த பிறகும் பெரும்பாலான வீடுகளில் நடப்பது காத்திருப்புதான். "அவங்க அப்பாவே மூணு வயசுலதான் பேசினான்", "ஆம்பளப் பிள்ளைங்க லேட்டாத்தான் பேசும்" என்று ஆளுக்கொரு சமாதானம் சொல்வார்கள். மருத்துவரும் சில நேரம் "ஆறு மாசம் பார்ப்போம்" என்பார், அது முடிந்ததும் இன்னொரு ஆறு மாதம். அப்புறம் டெஸ்டுக்குக் காத்திருப்பு, ரிசல்ட்டுக்குக் காத்திருப்பு, ரிசல்ட் வந்ததும் இதற்கு என்ன பெயர் என்று தெரிந்துகொள்ளக் காத்திருப்பு. உதவியைத் தொடங்க அந்தப் பெயர் தேவையே இல்லை. குழந்தையால் இன்றைக்கு எது முடிகிறது, எது முடியவில்லை என்று தெரிந்தால் போதும், தெரபிஸ்ட் வேலையைத் தொடங்கிவிடுவார். பெயர் வரும்போது வரட்டும்.

தொடங்கிய பிறகு குழந்தை தானாகவே மற்றவர்களை எட்டிப் பிடித்துவிட்டால் நல்லது, யாருக்கும் நஷ்டமில்லை. தொடங்காமல் விட்டால் கதை வேறு. காது சரியாகக் கேட்காத குழந்தை ஒவ்வொரு மாதமும் மொழியை இழக்கிறது, தசை இறுக்கமுள்ள குழந்தையின் மூட்டுகள் மெல்ல மெல்ல மடங்கி இறுகுகின்றன, அதைப் பிறகு சரிசெய்வது இரண்டு மடங்கு பாடு.

முதலில் பார்ப்பதை எழுதுங்கள்

மருத்துவர் முன்னால் போய் உட்கார்ந்ததும் எல்லாம் மறந்துவிடும், குழந்தையும் அங்கே ஒன்று அழும் அல்லது உறைந்துபோய் இருக்கும். அதனால் வீட்டிலேயே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், போனில் சின்னச் சின்ன வீடியோவாகவும் எடுங்கள். "சரியா விளையாட மாட்டேங்கிறான்" என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் புரியாது. "பந்தை உருட்டிவிட்டால் பார்க்கிறான், திருப்பி உருட்டுவதில்லை, பேரைச் சொல்லி நாலு தடவை கூப்பிட்டால் ஒரு தடவை திரும்புகிறான், கதவு சத்தத்துக்கு உடனே திரும்புகிறான்" என்று எழுதினால் அந்த மூன்று வரியிலேயே மருத்துவருக்குப் பாதி விஷயம் கிடைத்துவிடும்.

எந்த வயதில் என்ன என்ற பட்டியல்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. அதைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், அலட்சியப்படுத்தவும் வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் ஆரோக்கியமான குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வில், பிடிமானமில்லாமல் நடக்கத் தொடங்கிய வயது ஏறக்குறைய 8 மாதத்திலிருந்து 17 மாதம் தாண்டியும் பரவியிருந்தது, துணையில்லாமல் உட்கார்ந்தது கிட்டத்தட்ட 4 முதல் 9 மாதத்துக்குள். சில குழந்தைகள் தவழாமலேயே நடந்துவிட்டன. ஆக, பக்கத்து வீட்டுக் குழந்தை பத்து மாதத்தில் நடந்ததை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம், ஆனால் 18 மாதமாகியும் நடக்கவில்லை என்றால் காட்டித்தான் ஆக வேண்டும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி 2022 இல் தன் பட்டியலைத் திருத்தியபோது, 75 சதவீதம் அல்லது அதற்கு மேற்பட்ட குழந்தைகள் எட்டிவிடும் திறன்களை மட்டும் அந்தந்த வயதுக்கு நேராகப் போட்டது. அதில் ஒன்று வரவில்லை என்றால் நான்கில் மூன்று குழந்தைகளுக்கு வந்தது இவனுக்கு வரவில்லை என்று அர்த்தம், பொறுத்துப் பார்க்கலாம் என்று தள்ளிவிடக் கூடியதல்ல.

குறைமாதத்தில் பிறந்திருந்தால் வயதைத் திருத்திக் கணக்கிடுங்கள். இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்த குழந்தைக்கு இப்போது எட்டு மாதம் என்றால், ஆறு மாதக் குழந்தை செய்வதைச் செய்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். இரண்டு வயது வரை இந்தக் கணக்கு போதும்.

பொறுத்திருக்கவே கூடாத சில அறிகுறிகள் உண்டு. 12 மாதமாகியும் மழலைச் சத்தம் இல்லை, கையசைப்பது போன்ற சைகை எதுவும் இல்லை. 16 மாதமாகியும் ஒரு சொல்கூட இல்லை, 18 மாதமாகியும் வேண்டியதை விரல் நீட்டிக் காட்டவில்லை, இரண்டு வயதாகியும் இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசவில்லை. ஒரு வயதுக்குள்ளேயே ஒரு கையை மட்டும் பயன்படுத்துகிறது, மற்றதை மூடியே வைத்திருக்கிறது என்றால் "வலது கைக்காரன்" என்று சந்தோஷப்பட வேண்டாம், அந்த வயதில் கைப்பழக்கம் வரக்கூடாது, மற்ற கைப்பக்கம் பலவீனமா என்று பார்க்க வேண்டும். வந்த திறன் போய்விட்டால், அதாவது பேசிய சொற்கள் நின்றுபோனால், உட்கார்ந்துகொண்டிருந்தவள் உட்காராமல் போனால், எந்த வயதாக இருந்தாலும் அதே வாரம் காட்டுங்கள்.

இதைவிட அவசரமான ஒன்றும் இருக்கிறது. முதல் வயதுக்குள், பெரும்பாலும் தூங்கி எழுந்ததும், குழந்தை திடுக்கிட்டது போலக் கைகளை விரித்துத் தலையைக் குனிந்து ஒரு வெட்டு வெட்டும், சில நொடி விட்டு மறுபடியும் வெட்டும், இப்படி வரிசையாக வரும். பார்ப்பவர்கள் வயிற்றுவலி என்றோ பயந்துவிட்டது என்றோ நினைத்துக்கொள்வார்கள். இது இன்ஃபன்டைல் ஸ்பாசம் என்ற வலிப்பாக இருக்கலாம், சிகிச்சை தள்ளிப்போகிற ஒவ்வொரு நாளும் மூளை வளர்ச்சிக்குக் கெடுதல். வீடியோ எடுத்துக்கொண்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள், மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் ஈஈஜி எடுத்துப் பார்ப்பார்கள்.

மருத்துவரிடம் என்ன கேட்பது

"என் பிள்ளை நார்மலா?" என்று கேட்காதீர்கள். அதற்கு "கவலைப்படாதீங்க" என்பதைத் தவிர வேறு பதில் வருவது கஷ்டம். "வளர்ச்சி ஸ்கிரீனிங் செய்து பார்க்க முடியுமா?" என்று கேளுங்கள். ஸ்கிரீனிங் என்பது கண்ணால் பார்த்துவிட்டுச் சொல்வதல்ல, அதற்கென்று கேள்வித்தாள்கள் இருக்கின்றன. ஆட்டிசத்துக்கான எம்சாட் கேள்வித்தாள் 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கானது, 20 கேள்விகள், பெற்றோரே நிரப்பிவிடலாம். அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் சங்கம், சந்தேகம் இருக்கிறதோ இல்லையோ எல்லாக் குழந்தைகளுக்கும் 9, 18, 30 மாதங்களில் பொதுவான வளர்ச்சி ஸ்கிரீனிங்கும், 18, 24 மாதங்களில் ஆட்டிசம் ஸ்கிரீனிங்கும் செய்யச் சொல்கிறது. ஸ்கிரீனிங்கில் மதிப்பெண் கூடினால் ஆட்டிசம் என்று அர்த்தமில்லை, மேலே விரிவாகப் பார்க்க வேண்டும் என்றுதான் அர்த்தம். ராத்திரி உட்கார்ந்து வீட்டில் நிரப்பிப் பார்த்துவிட்டுத் தூக்கம் கெட்டவர்கள் பலர், அதனால் சொல்கிறேன்.

அடுத்து, கேட்காமல் விடவே கூடாதது காது டெஸ்ட். பேச்சு தாமதம் என்றால் முதல் வேலை இதுதான், ஸ்பீச் தெரபியில் சேர்ப்பதற்கும் முந்தியது. "பாத்திரம் விழுந்தா திரும்புறானே, காது நல்லாத்தானே கேக்குது" என்பார்கள். தாழ்ந்த சுருதிச் சத்தம் கேட்டு, 'ச', 'ஃப' போன்ற மெல்லிய, உயர்ந்த சுருதி ஒலிகள் கேட்காமல் இருக்கலாம், நடுக்காதில் நீர் கோத்து ஒரு வாரம் நன்றாகக் கேட்டு மறு வாரம் மந்தமாகவும் இருக்கலாம். காது கேட்காத குழந்தையும் முதல் மாதங்களில் மழலையாகச் சத்தம் எழுப்பும் என்பதால் அதை வைத்தும் முடிவு செய்ய முடியாது. சிறு குழந்தைக்கு ஓஏஈ, பெரா என்ற இரண்டு சோதனைகளும் செய்யலாம், குழந்தை கையைத் தூக்கிப் பதில் சொல்ல வேண்டியதில்லை, தூங்கும்போதே செய்துவிடுவார்கள். பிறந்த ஒரு மாதத்துக்குள் ஸ்கிரீனிங், மூன்று மாதத்துக்குள் உறுதி செய்வது, ஆறு மாதத்துக்குள் காதுக்கருவியோ மற்ற உதவியோ தொடங்குவது என்ற 1-3-6 கணக்கைத்தான் இத்துறையில் எல்லோரும் இலக்காக வைத்திருக்கிறார்கள். பிறந்தபோது செய்த டெஸ்டில் தேறியிருந்தாலும் மறுபடியும் செய்யுங்கள், சில காதுக் குறைகள் பிறகுதான் வரும்.

கண் பரிசோதனை, தைராய்டு, இரும்புச்சத்து எல்லாம் மருத்துவர் தேவைக்கேற்ப எழுதுவார். ஆண் குழந்தை 18 மாதமாகியும் நடக்கவில்லை, அல்லது தரையிலிருந்து எழும்போது தன் தொடையிலேயே கையூன்றி ஏறுகிறான் என்றால் சிகே என்ற ரத்தப் பரிசோதனையைப் பற்றிக் கேளுங்கள், தசைச் சிதைவு நோயை அது ஆரம்பத்திலேயே காட்டிக்கொடுக்கும்.

சரி, பெரிய நிபுணரிடம் அப்பாயின்ட்மென்ட் நான்கு மாதம் கழித்துத்தான் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த நான்கு மாதமும் சும்மா இருக்க வேண்டாம். தெரபிக்கு இப்போதே பரிந்துரைக் கடிதம் தரச் சொல்லிக் கேளுங்கள், இரண்டு வரிசையிலும் ஒரே நேரத்தில் பெயர் கொடுத்து வையுங்கள். டவுன் சிண்ட்ரோம் போலப் பிறந்ததுமே தெரிந்துவிடும் நிலைகளில் தாமதம் வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருப்பதில் பொருளே இல்லை, முதல் மாதங்களிலேயே தொடங்கலாம்.

யார் எதைப் பார்ப்பார்கள்

உட்கார்வது, நிற்பது, நடப்பது எல்லாம் பிசியோதெரபிஸ்ட். கை வேலை, உடை போடுவது, தானே சாப்பிடுவது, சத்தம் தொடுதல் போன்றவை தாங்க முடியாமல் இருப்பது ஆகியவை ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், சுருக்கமாக எல்லோரும் ஓ.டி. என்பார்கள். பேச்சு, புரிதல், மெல்லுவது விழுங்குவது ஸ்பீச் தெரபிஸ்ட். ஸ்பீச் என்றால் பேச்சு மட்டும்தான் என்று நினைத்து, சாப்பாடு தொண்டையில் சிக்கி இருமும் குழந்தையை அவரிடம் கொண்டுபோகாமல் விடுகிறார்கள். சிறப்பாசிரியர், உளவியலாளர் எல்லாம் அதன்பிறகு. ஒன்றரை வயதுக் குழந்தையை வாரம் முழுக்க நான்கு இடத்துக்குத் தூக்கிக்கொண்டு அலைவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒருவர் முதன்மையாக இருந்து மற்றவர்களிடம் கேட்டுச் செய்தால் குழந்தையும் பிழைக்கும், அம்மாவும் பிழைப்பாள்.

முதல் சந்திப்பிலேயே எழுத்தில் இலக்கு கேளுங்கள். "பேச்சை மேம்படுத்துதல்" என்பது இலக்கே இல்லை, மூன்று மாதம் கழித்து அது நடந்ததா இல்லையா என்று எப்படிச் சொல்வீர்கள்? "மூன்று மாதத்தில், வேண்டிய பொருளைக் கை காட்டியோ சத்தம் கொடுத்தோ ஒரு நாளில் ஐந்து முறையாவது கேட்பாள்" என்பது இலக்கு. அது உங்கள் வீட்டுக்குத் தேவையானதாகவும் இருக்கட்டும். குளிக்க வைப்பதே தினமும் போராட்டமாக இருந்தால் அதைச் சொல்லுங்கள், அவர்கள் வைத்திருக்கும் பட்டியலில் அது இருக்காது.

நல்ல தெரபிஸ்டை எப்படி அடையாளம் காண்பது என்று கேட்கிறார்கள். கதவைச் சாத்திக்கொண்டு குழந்தையை மட்டும் உள்ளே கூட்டிப்போய் முக்கால் மணி நேரம் கழித்து "இன்னைக்கு நல்லா செஞ்சான்" என்று திருப்பிக் கொடுப்பவரைவிட, உங்களையும் தரையில் உட்கார வைத்து, தான் செய்வதை உங்களைச் செய்யச் சொல்லிப் பார்த்துத் திருத்துபவர் எவ்வளவோ மேல். கணக்குப் போட்டுப் பாருங்கள்: வாரத்துக்கு இரண்டு மணி நேரம் அவரிடம், விழித்திருக்கும் மற்ற நேரமெல்லாம் உங்களிடம். அந்த இரண்டு மணி நேரம் உங்களுக்குக் கற்றுத்தருவதற்காகத்தான். குழந்தை பயந்து அலற அலறக் கட்டாயப்படுத்துகிறார், கேள்வி கேட்டால் எரிச்சல்படுகிறார், இத்தனை மாதத்தில் பேச வைத்துவிடுவேன் என்று உறுதி தருகிறார் என்றால் வேறு இடம் பாருங்கள்.

வீட்டில் எப்படி

தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்கி "தெரபி டைம்" என்று உட்கார வைத்தால் மூன்றாம் நாளே இரண்டு பேரும் சலித்துவிடுவீர்கள். தினமும் எப்படியும் நடக்கிற வேலைகளுக்குள் நுழைத்துவிடுவதுதான் வழி.

ஊஞ்சலை எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தையை உங்களைப் பார்த்தபடி உட்கார வைத்து, அதன் கண்ணுக்கு நேராக நீங்களும் உட்கார்ந்து, "ஆட்டலாமா... ஒண்ணு... ரெண்டு..." என்று இழுத்து, "மூணு!" என்று விட்டு ஆட்டுங்கள். இதையே நாலைந்து தடவை, சொல் மாறாமல். அப்புறம் ஒரு தடவை "ஒண்ணு... ரெண்டு..." என்று சொல்லிவிட்டு ஊஞ்சலைப் பிடித்தபடி நிறுத்துங்கள். பேசாதீர்கள். முகத்தில் எதிர்பார்ப்போடு மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள். இங்கேதான் பெரியவர்களுக்குப் பொறுமை போகும், இரண்டாவது நொடியிலேயே "சொல்லு, மூணு சொல்லு" என்று ஆரம்பித்துவிடுவோம். இந்தக் குழந்தைகளுக்கு நாம் சொன்னது உள்ளே போய்ப் பதிலாக வெளியே வர நேரம் பிடிக்கும். காத்திருந்தால் ஒரு பார்வை வரும், அல்லது காலை உதைக்கும், உடம்பை முன்னால் தள்ளும், "ம்" என்று ஒரு சத்தம் வரும். எது வந்தாலும் அதுதான் பேச்சு, உடனே "மூணு!" என்று ஆட்டிவிடுங்கள். அடுத்த வாரங்களில் பார்வையோடு சத்தமும் வரும்வரை காத்திருக்கலாம். பத்து எண்ணியும் ஒன்றும் வரவில்லை என்றால் நீங்களே "மூணு!" என்று சொல்லி ஆட்டிவிட்டு மறுபடி தொடங்குங்கள், அழ வைத்து வாங்க வேண்டாம். ஊஞ்சல் இல்லையென்றால் சோப்புக் குமிழி, பந்து, சட்டை மாட்டும்போது தலை வெளியே வரும் கணம், எதுவும் ஆகும்.

குழந்தையிடம் கேள்வி கேட்பதைக் குறையுங்கள். "இது என்ன? இது என்ன கலர்? மாமாவுக்குச் சொல்லு" என்று பரீட்சை வைத்தால் பேசத் தெரிந்த குழந்தையே வாயை மூடிக்கொள்ளும். அது எதைப் பார்க்கிறதோ அதைப் பற்றி நீங்கள் பேசுங்கள், சின்ன வாக்கியமாக: "பந்து. பந்து உருளுது. போச்சு!"

உட்கார, நிற்கக் கஷ்டப்படும் குழந்தையைத் தூக்குவது, படுக்க வைப்பது, உடை மாற்றுவது எல்லாவற்றுக்கும் பிசியோவிடம் முறை கேட்டுக்கொள்ளுங்கள், ஒரு நாளில் எத்தனை தடவை தூக்குகிறோம், ஒவ்வொன்றும் பயிற்சிதான். குழந்தையை உட்கார வைத்து உருட்டும் வாக்கர் வேண்டவே வேண்டாம், சீக்கிரம் நடக்க அது உதவாது, கவிழ்ந்தும் படியில் உருண்டும் அடிபட்ட குழந்தைகள் ஏராளம், கனடா 2004 இலேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டது.

போன், டிவி விஷயத்தில் உலக சுகாதார நிறுவனம் 2019 இல் சொன்னது, இரண்டு வயதுக்குள் வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று. ஆனால் ஒன்று: வளர்ச்சித் தாமதம் வந்ததே போன் காட்டியதால்தான் என்று அம்மாவைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிற வழக்கம் இருக்கிறதே, அதற்கு உறுதியான ஆதாரமும் இல்லை, பிரயோஜனமும் இல்லை. போனைக் குறையுங்கள், குற்றம் சொல்வதையும் குறையுங்கள்.

இரண்டு மொழி பேசும் வீடு என்றால் ஒன்றை நிறுத்தச் சொல்வார்கள். நிறுத்த வேண்டியதில்லை, இரண்டு மொழி கேட்பதால் தாமதம் வருவதில்லை. உங்களுக்கு எந்த மொழியில் கொஞ்சவும் கோபப்படவும் வருகிறதோ அதிலேயே பேசுங்கள். படக்கார்டு, சைகை, டேப்லெட் பயன்படுத்தினால் பேச்சே வராமல் போய்விடும் என்ற பயமும் அப்படித்தான், அவற்றால் பேச்சு தடைப்படுவதில்லை, கேட்டதைப் புரிய வைக்க முடிகிறது என்பதாலேயே குழந்தையின் அழுகையும் அடியும் குறையும்.

பணத்தைப் பிடுங்கும் வழிகள்

ஆட்டிசத்துக்கும், மூளைப் பாதிப்பால் உடல் அசைவு கெடும் பெருமூளை வாதத்துக்கும் ஸ்டெம் செல் சிகிச்சை, ஆக்ஸிஜன் அறைச் சிகிச்சை என்று பெரிய தொகை சொல்லி விற்கிறார்கள். ஆட்டிசத்தை இவை குணப்படுத்தும் என்பதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை, பெருமூளை வாதத்துக்கும் இவை நிரூபிக்கப்பட்ட சிகிச்சைகள் அல்ல. உடலிலிருந்து உலோகத்தை எடுக்கிறோம் என்று செய்யும் கீலேஷன் ஆபத்தானது, குழந்தை இறந்தே இருக்கிறது. நாக்கு ஒட்டியிருப்பதால் பேசவில்லை, வெட்டிவிட்டால் பேசிவிடும் என்பதும் பெரும்பாலும் வீண், ஒட்டிய நாக்கு பால் குடிப்பதைப் பாதிக்கலாம், ஆனால் சொல்லே வராமல் இருப்பதற்கு அது காரணமாகாது. யாராவது புதிதாக ஒன்று சொன்னால், "இது பலன் தருகிறதா என்று எதை வைத்து அளப்பீர்கள், எத்தனை நாளில் நிறுத்துவீர்கள்?" என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் எழுந்து வந்துவிடலாம்.

கோப்பும் மறுபரிசீலனையும்

ஒரு கோப்பு போடுங்கள். பிறந்தபோது கொடுத்த மருத்துவமனைக் குறிப்பு, காது டெஸ்ட், ஸ்கிரீனிங் தாள், தெரபி இலக்குகள், எல்லாம் தேதிவாரியாக. ஒவ்வொரு புது மருத்துவரும் "பிறந்ததும் அழுதுச்சா, மஞ்சள்காமாலை இருந்துச்சா?" என்று முதலிலிருந்து கேட்பார், கோப்பை நீட்டிவிடலாம்.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை இலக்குகளை எடுத்துப் பாருங்கள். நடந்தது, பாதி நடந்தது, நடக்கவில்லை. நடக்கவில்லை என்றால் குழந்தையின் மேல் பழி போடும் முன், இலக்கு பெரிதாக இருந்ததா, வீட்டில் செய்ய நேரம் இருந்ததா, முறையை மாற்ற வேண்டுமா என்று தெரபிஸ்டோடு பேசுங்கள். வீட்டில் பயிற்சி முழுக்க ஒருவர் தலையிலேயே விழுந்திருந்தால், அது பெரும்பாலும் அம்மாவாகத்தான் இருக்கும், வேலையைப் பிரித்துவிடுங்கள். குளியல் அப்பாவுக்கு, ஊஞ்சல் தாத்தாவுக்கு என்று ஆளுக்கு ஒன்று. பாட்டியையும் தாத்தாவையும் ஒரு தடவையாவது தெரபி அறைக்குள் கூட்டிப்போனால், "எல்லாம் தானா வரும்" என்ற பேச்சு வீட்டில் பாதியாகக் குறையும்.

மூன்று வயதை நெருங்கும்போது பல இடங்களில் சின்னக் குழந்தைகளுக்கான சேவை முடிந்து பள்ளி சார்ந்த சேவை தொடங்கும், நடுவில் சில மாதம் எதுவுமில்லாத இடைவெளி விழுவது சகஜம். ஆறு மாதம் முன்னாலேயே அடுத்து யார் பொறுப்பு என்று கேட்டு வையுங்கள், இப்போதிருக்கும் தெரபிஸ்டிடம் எழுத்தில் ஒரு சுருக்க அறிக்கை வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே நீங்களே ஒரு பக்கத்தில், பிள்ளைக்கு எது பிடிக்கும், தண்ணீர் வேண்டுமென்றால் எப்படிக் கேட்பான், பாத்ரூம் வந்தால் என்ன செய்வான், எந்தச் சத்தத்துக்குப் பயப்படுவான், அழுதால் எப்படிச் சமாதானமாவான் என்று எழுதி, சேர்க்கும் நாளன்று அவசரத்தில் கொடுக்காமல் ஒரு வாரம் முன்னதாகவே ஆசிரியரைப் பார்த்துக் கையில் கொடுத்துவிடுங்கள்.